சிறகு உயர்த்திய ஈக்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவளுக்குக் காலையில் முதல் வேலை கண்ணாடி துடைப்பது. சட்டங்கள் அடுக்கிய பெட்டிகள், வாசல் கதவு, தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடிச் சுவர், வருகிறவர்கள் முகம் பார்க்கும் ஆடிகள் எல்லாவற்றையும் துடைத்து முடிக்க முக்கால் மணித்தியாலம் எடுக்கும். திருகோணமலையில் கடற்காற்று ஓர் இரவுக்குள் எந்தக் கண்ணாடியிலும் உப்புப் பூசிவிடும். பத்தொன்பது வருடமாக அந்த உப்பைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மாரிக்கு முந்திய மார்கழியில் மழை விடாமல் பெய்தது. ஊற்றிவிட்டு ஓய்கிற மழை இல்லை. நாள் முழுதும் தூறி, அரைமணி நேரம் நின்று, திரும்பவும் தூறுகிற மழை. கடைக்குள் நிலம் காயவே இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை, வாசல் கதவுக் கண்ணாடியில், என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் ஓர் ஈ இருந்தது. துணியை வீசினேன். பறக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் அது செத்திருந்தது. செத்த ஈ கீழே விழாமல் கண்ணாடியோடு ஒட்டி நின்றது. அதைச் சுற்றி, யாரோ வாயால் ஊதி விட்டதுபோல், மங்கலாக ஒரு வெள்ளை வளையம்.

துணியை நனைத்துத் துடைத்தேன். வளையம் மாப்போலத் துணியில் வந்தது. ஈ வரவில்லை. நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மூன்று ஈக்கள். புதன்கிழமை ஏழு. எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே, எல்லாவற்றையும் சுற்றி வெள்ளை வளையம்.

புதன்கிழமை நான் துடைத்து முடிக்குமுன்பே முதலாளி வந்துவிட்டார். கண்ணாடிச் சுவரைப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கடையைப் பார்த்தார். பக்கத்தில் கருவாட்டுக் கடை. கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அதை நடத்துகிறவரை முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல் நாங்கள் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அறுபது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். மணத்துக்கு அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

"பிள்ளை, ஒரு கடிதம் எழுதும்," என்றார் முதலாளி. "கருவாட்டுக் கடையால ஈ பெருகி, எங்கட கடைக்குச் சனம் வர ஏலாமல் கிடக்கெண்டு. சுகாதாரப் பகுதிக்கு."

"நானாவோட ஒருக்கால் கதைச்சுப் பாப்பமே?"

"கதைச்சது காணும். எத்தனை வருசமாக் கதைக்கிறன். நீர் எழுதும். உம்மட எழுத்துத்தான் வடிவு."

எழுதினேன். எழுதி முடித்ததும், "நீரே கையெழுத்தும் வையும், துடைக்கிற ஆள் நீர்தானே," என்றார். அதையும் செய்தேன். அவர் வற்புறுத்தினார் என்று மட்டும் சொன்னால் முழு உண்மை ஆகாது. லிங்கநகருக்குப் போகும் பஸ்ஸில் ஒரு நாள் என் பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் மாறி இருந்தாள். என் சேலையில் கருவாட்டு மணம். அந்த அவமானமும் அந்தக் கையெழுத்தில் இருந்தது.

முதலாளி கடிதத்தோடு வெளியே போனார். துடைக்காமல் விட்ட ஒரே ஓர் ஈ கதவில் மிச்சம் இருந்தது. மழையில் ஆள் வரவில்லை. சும்மா நின்றவள், பார்வை சோதிக்கும் பெட்டியிலிருந்து தடித்த வில்லை ஒன்றை எடுத்து அந்த ஈக்கு நேரே பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று தெரியாது. உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் நான். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. அதற்குப் பிறகு இலை, பூச்சி எதையும் அப்படிக் கிட்டப் பார்த்ததில்லை.

ஈ சாதாரணமாகச் செத்தால் கால்களை மடித்து முதுகில் கிடக்கும். இது அப்படி இல்லை. ஆறு கால்களையும் விரித்து ஊன்றி நின்றது. வாயிலிருந்து தும்பிக்கைபோல் நீளும் உறுப்பை வெளியே நீட்டி, அதன் நுனியைக் கண்ணாடியில் பசை போட்டதுபோல் ஒட்டியிருந்தது. சிறகுகள் இரண்டும் முதுகிலிருந்து மேலே, வெளியே உயர்ந்து நின்றன. பறக்கப்போகிற ஒன்றை அந்தக் கணத்தில் நிறுத்தி வைத்ததுபோல இருந்தது. வயிறு ஊதி, அதில் வெள்ளைப் பட்டிகள். நான் கண்ணை எடுக்க மறந்து நின்றேன். நேரம் பார்த்தபோது இருபது நிமிடம் போயிருந்தது.

சனிக்கிழமைகளில் எங்கள் கடைக்குக் கண் டொக்டர் ஒருவர் வருவார். நடுவயதுப் பெண், கண்டிப்பானவர். பின்னறையில் அவர் கண் பார்க்கும் கருவி இருக்கிறது. நாடியை ஒரு தாங்கியில் வைத்து நெற்றியை ஒரு பட்டியில் முட்டக் கொடுத்தால், நூல்போன்ற ஒளி ஒன்று கண்ணில் விழும். டொக்டர் மறுபக்கம் இருந்து இரட்டைக் குழல் வழியாகப் பெருப்பித்துப் பார்ப்பார். சனிக்கிழமை காலை புதிதாகச் செத்த ஓர் ஈயை, சவர அலகால் கண்ணாடியிலிருந்து மெல்லக் கிளப்பி, கீறல் விழுந்து ஒதுக்கிய வில்லை ஒன்றில் வைத்துக்கொண்டு அவர் முன் போய் நின்றேன்.

"டொக்டர், நோயாளர் வர முந்தி இதை ஒருக்கால் பாக்க ஏலுமே?"

அவர் என்னையும் பார்த்தார், ஈயையும் பார்த்தார். சிரிக்கவில்லை.

"பாத்திட்டு எல்லாத்தையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேணும்," என்றார். "கை கழுவ வேணும். சரியோ?"

வில்லையை நாடித் தாங்கிக்கு மேலே டேப்பால் ஒட்டினோம். முதலில் அவர் பார்த்தார். குமிழைத் திருகினார். வழக்கமாக ஒரு கண்ணை அரை நிமிடத்தில் பார்த்து முடிப்பவர் அன்று எழும்பவே இல்லை. கடைசியில் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி, "இருந்து பாருங்கோ," என்றார்.

இருந்தேன். முதலில் மஞ்சள் மூட்டம்தான். குமிழைத் திருகத் திருக மூட்டம் விலகி ஈயின் கண் வந்தது. செங்கல் நிறத்தில், எண்ண முடியாத அறைகள், ஒன்றுகூட ஒழுங்கு பிசகாமல். அதிலேயே நின்றுவிட்டேன். டொக்டர், "கீழ இறக்குங்கோ," என்றார். இறக்கினேன். வயிறு வந்தது. ஓட்டின் ஒவ்வொரு பொருத்துக்குள்ளிருந்தும் வெள்ளை பிதுங்கி நின்றது. அது தூள் இல்லை. நெருக்கி விதைத்த நாற்றுமேடைபோல் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிமிர்ந்து நின்ற மெல்லிய தண்டுகள். ஒளிக்கீற்றை நகர்த்தியபோது தண்டுகளின் நுனியில் ஒவ்வொரு பொட்டு மினுங்கியது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பொட்டு இல்லாமல் போனது. விழவில்லை. இருந்தது, அடுத்த கணம் இல்லை.

"டொக்டர், ஒண்டு போயிட்டுது."

"என்ன போயிட்டுது?"

"தெரியேல்லை. துவக்கால சுட்டமாதிரி."

அவர் என்னை விலக்கிவிட்டுத் தான் குனிந்தார்.  பிறகு கைபேசியை எடுத்துத் தேடினார். எங்கள் ஈயின் படத்தையே யாரோ எங்கோ எடுத்து வைத்திருந்தார்கள். அதே சிறகு, அதே வளையம்.

"இது பங்கசு," என்றார். பள்ளிக்கூடத்தில் படித்த அந்தச் சொல்லை வருடக்கணக்காகக் கேட்கவில்லை. பூஞ்சணம் என்றுதான் வீட்டில் சொல்வோம். பாணில் பிடிப்பது, சப்பாத்தில் பிடிப்பது. "ஈயில மட்டும் பிடிக்கிற பங்கசு. வெள்ளையாக் கிடக்கிறது அதின்ர வித்தி, விதைமாதிரி. உயிரோட இருக்கிற ஈயில ஒரு வித்தி விழுந்தாக் காணும். தோலைத் துளைச்சு உள்ள போயிடும்."

"அப்ப உடன செத்துப்போகுமோ?"

"இல்லை. அதுதான் விசயம்." அவர் படித்துப் படித்துச் சொன்னார். ஈ நாலைந்து நாள் வழக்கம்போல் பறக்கும், தின்னும். உள்ளே பங்கசு முதலில் கொழுப்பைத் தின்னும். ஈ உயிரோடு இருக்கத் தேவையானதைக் கடைசி வரைக்கும் விட்டுவைக்கும். மூளைப் பக்கமும் போய்ச் சேரும். கடைசி நாள், பொழுது படுகிற நேரம் பார்த்து, ஈயை உயரத்துக்கு ஏற வைக்கும். வாயை ஒட்ட வைக்கும். சிறகைத் தூக்க வைக்கும். சிறகு வழியில் நின்றால் வித்திகள் தெறித்துப் போக முடியாது. உயரத்தில் இருந்தால்தான் கீழே போகிற மற்ற ஈக்களில் விழும்.

"எப்பிடி ஏறச் சொல்லுது டொக்டர்?"

"முழுக்க ஒருத்தருக்கும் தெரியாது போல," என்றார். கைபேசியை வைத்துவிட்டுத் திரும்பவும் குழலுக்குள் பார்த்தார். "எனக்குப் பங்கசு எண்டாலே பயம் தங்கச்சி. கந்தளாய்ப் பக்கம் வயல் வெட்டேக்க நெல்லுத்தாள் கண்ணில கீறி, அதில பங்கசு பிடிச்சு வாற ஆக்களைப் பாத்திருக்கிறன். சிலருக்குப் பார்வையே போயிடும். இது அந்தச் சாதி இல்லை. மனுசரை ஒண்டும் செய்யாது. ஆனா இவ்வளவு வடிவா இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை."

அதற்குள் முதல் நோயாளி வந்துவிட்டார். நான் ஸ்பிரிட் போட்டு எல்லாவற்றையும் இரண்டு தரம் துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் என் மனம் நிற்கவில்லை. கோயில் யன்னலின் மேல்விளிம்பில் இரண்டு ஈக்கள் சிறகை உயர்த்தியபடி நின்றன. எல்லாரும் முழந்தாளிட்டபோது நான் நிமிர்ந்து அவற்றையே பார்த்தேன். இதையும் ஆண்டவர்தான் படைத்தாரா என்று மனதுக்குள் கேட்டேன். கேட்டபோது கோபமோ சந்தேகமோ இருக்கவில்லை. ஒரு பெரிய வீட்டுக்குள் பல வருடம் இருந்தவள், அதில் தான் பார்க்காத அறை ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டதுபோல இருந்தது.

திங்கட்கிழமை பின்னேரம் ஒரு முடிவோடு நின்றேன். மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது பட்டுவிடும். முதலாளி ஐந்தரைக்கே போய்விட்டார். கடையைப் பூட்டுகிற நேரம் ஆறரை. வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

கண்ணாடியில் நாலைந்து ஈக்கள் ஊர்ந்தன. எது என்று எப்படித் தெரியும்? மற்றவை எல்லாம் ஓடுவதும், நிற்பதும், முன்காலைத் தேய்ப்பதும், பறப்பதுமாக இருந்தன. ஒன்று மட்டும் பறக்கவே இல்லை. நடந்தது. மெல்ல, நேரே மேலே. இரண்டு அங்குலம் ஏறி நிற்கும். வழி மறந்ததுபோல் கொஞ்சம் இறங்கும். பிறகு திரும்பி மேலே. என் கண் மட்டத்தைக் கடந்தது. கதிரையில் ஏறி நின்றேன்.

கண்ணாடியின் மேல் சட்டத்துக்கு ஒரு முழம் கீழே அது நின்றது. வாயை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டது. எடுத்தது. திரும்பவும் தொட்டது. இரண்டாம் தரம் வாய் திரும்பி வரவில்லை. கால்களை ஊன்றி இழுத்துப் பார்த்ததுபோலத் தெரிந்தது. நான் அப்படி நினைத்ததாகவும் இருக்கலாம். அந்த நேரம் பள்ளிவாசலில் மாலைத் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. துறைமுகப் பக்கம் இருண்டுகொண்டு வந்தது. ஈயின் சிறகுகள் அசைந்தன. அடிக்கவில்லை. யாரோ உள்ளே இருந்து ஒரு பிடியைச் சுற்றுவதுபோல், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், நிதானமாக மேலே எழும்பின.

"என்னப்பா, கதிரையில ஏறி நிண்டு என்ன செய்யிறீர்?"

என் கணவர். ஓட்டோ ஓட்டுகிறவர், பின்னேரம் வாடகை ஓட்டம் இல்லாவிட்டால் என்னை ஏற்றிப் போக வருவார். வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் நனைந்த தலையோடு உள்ளே வந்து பக்கத்தில் நின்றார். வில்லையைக் கொடுத்தேன். பிடித்துப் பார்த்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டார். சிறகுகள் முழுதாக எழும்பி நிற்கப் பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்தது. பிறகு அசைவு இல்லை. ஒரு கால் மட்டும் ஒருக்கால் துடித்து நின்றது.

 வீட்டடியில் இறங்கும்போது அவர், "அதுக்கு நொந்திருக்குமே?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

மறுநாள் காலை அந்த ஈயைச் சுற்றி வளையம் விழுந்திருந்தது. அன்றைக்கு மத்தியானம், முதலாளி சாப்பிடப் போன நேரம், வில்லையை எடுத்துக்கொண்டு கருவாட்டுக் கடைக்குப் போனேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லத்தான் போனேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். வாயில் வந்தது வேறு.

"நானா, உங்கட கடையிலயும் ஈ இப்பிடிச் சாகுதோ? சிறகைத் தூக்கிக்கொண்டு?"

 அவர் எழும்பி, கடைக்கு நடுவில் தொங்கிய விளக்குக் கம்பியைக் காட்டினார். கூரையிலிருந்து விளக்கு வரைக்கும் கம்பி முழுதும் ஈக்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, எல்லாம் தலை மேலே, எல்லாம் சிறகு உயர்த்தி. கம்பி வெள்ளையாகப் பூத்திருந்தது. சூடைக் கருவாட்டுப் பெட்டிகள், திருக்கை, சுறா எல்லாவற்றையும் அவர் பொலித்தீனால் மூடி வைத்திருந்தார்.

"மாரி நல்லாப் பெய்ஞ்சா வரும் தங்கச்சி," என்றார். "பெய்யாத வருசம் வராது. இந்த ரெண்டு மூணு கிழமை நான் ஈக்கு ஒண்டும் அடிக்கிறல்ல. அதுகளாப் போய்ச் சேருது. மஃரிபு நேரம்தான் ஏறும். ஏனெண்டு எனக்குத் தெரியா."

நான் டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் இடையில் பேசாமல் முழுதும் கேட்டார். வித்தி தெறிக்கிறது என்றதும் கம்பியை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பொலித்தீனை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினார். "செத்தது கிட்ட உசிரோட இருக்கிறது போய்ப் போய் மொய்க்கும். அதையும் பாத்திருக்கேன்," என்றார். அது டொக்டரும் வாசித்துச் சொல்லாத ஒன்று. பிறகு ஒரு நாள் டொக்டர் தேடிப் பார்த்து, ஓம், செத்த பெண் ஈயைத் தேடி ஆண் ஈ வரும் என்று எழுதியிருக்கிறது, நானா சொன்னது சரி என்றார்.

கடிதத்தைப் பற்றி நான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிபோல் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். இளம் ஆள், மரியாதையானவர். முதலில் கருவாட்டுக் கடைக்குள் போனார். நான் எங்கள் வாசலில் நின்று பார்த்தேன். முதலாளி எனக்குப் பின்னால் நின்றார். பரிசோதகர் விளக்குக் கம்பியை அண்ணாந்து பார்த்தார். விரலால் தொட்டு மணந்தார்.

"இது என்ன பவுடர் நானா? ஈக்கு ஏதும் மருந்து போட்டனீங்களோ?"

"இல்ல ஐயா. நான் ஒண்டும் போடல்ல."

"இவ்வளவு ஈ ஒரே இடத்தில செத்துக் கிடக்கு. வெள்ளையா தூள் கிடக்கு. கீழ சாப்பாட்டுச் சாமான். நான் எப்பிடி நம்புறது?" அவர் குரலை உயர்த்தவில்லை. "மாதிரி எடுத்து அனுப்புறன். பதில் வருமட்டும் ஒண்டும் விக்க ஏலாது."

 நானா கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நத்தார்ப் பண்டிகைக்கும் புதுவருடத்துக்கும் நடுவில் அவருக்குக் கொஞ்சமாவது வியாபாரம் நடக்கிற கிழமை அது. நான் தெருவில் இறங்கிவிட்டேன். முதலாளி "பிள்ளை" என்று கூப்பிட்டது கேட்டது.

"ஐயா, அது நஞ்சில்லை," என்றேன்.

பரிசோதகர் திரும்பினார். "நீங்கள்?"

"பக்கத்துக் கடையில வேலை செய்யிறனான்."

அவர் கையிலிருந்த கோவையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். "இந்த முறைப்பாடு உங்கட கடையாலதான் வந்தது. இந்தக் கையெழுத்து ஆர்?"

"நான்தான் ஐயா."

நானா என்னைப் பார்த்தார். "நீங்களா," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லை இன்றைக்கும் காதில் கேட்கிறேன்.

"ஈ இருக்கெண்டு எழுதினனான். நஞ்செண்டு எழுதேல்லை," என்றேன்.  "எங்கட கண்ணாடியிலயும் இப்பிடித்தான் கிடக்கு. நாங்கள் ஒரு மருந்தும் அடிக்கேல்லை. அது ஒரு பங்கசு. டொக்டரும் பாத்தவ. எங்கட பின்னறை மெசினில அஞ்சு நிமிசம் வந்து பாருங்கோ. அதுக்குப் பிறகு நீங்கள் என்ன செய்தாலும் சரி."

முதலாளி வாசலை மறித்தார். "அது கண் பாக்கிற மெசின். ஈ பாக்கிறதுக்கில்லை."

"டொக்டரிட்டக் கேட்டுத்தான் செய்தனான் ஐயா. துடைச்சும் வைப்பன்," என்றேன். பத்தொன்பது வருடத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் மறுபேச்சு அது. பரிசோதகர் உள்ளே வரக் காலை வைத்துவிட்டதால் அவர் விலக வேண்டியதாயிற்று.

நானாவின் கம்பியிலிருந்து ஓர் ஈயையும், எங்கள் கண்ணாடியிலிருந்து ஓர் ஈயையும் எடுத்தேன். இரண்டையும் ஒரே வில்லையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டினேன். அவசரத்தில் முதல் டேப் கிழிந்தது. பரிசோதகர் குனிந்தார். அவருக்குக் குமிழைத் திருகக் காட்டிக்கொடுத்தேன். ஓர் ஈயிலிருந்து மற்ற ஈக்குப் போனார், திரும்பினார், திரும்பவும் போனார்.

"முளைச்சுக் கிடக்கு," என்றார் மெல்ல. "ரெண்டிலயும் ஒரே மாதிரி. உடம்புக்குள்ள இருந்து முளைச்சிருக்கு."

"ஓம் ஐயா."

அவர் எழும்பியபோது நானா கதவடியில் நின்றார். கருவாட்டு மணத்தோடு எங்கள் கடைக்குள் அவர் அதுவரை காலடி வைத்ததில்லை. பரிசோதகர்தான், "நீங்களும் பாருங்கோ நானா," என்றார். நானா தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு இருந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கருவியைத் தொடாமல், குழலுக்குள் பார்த்தார். மூச்சு விடுவதுகூடத் தெரியவில்லை. எத்தனை மாரியாக அவர் தலைக்கு மேலே நடந்த காரியம் அது.

"சுப்ஹானல்லாஹ்," என்று இறைவனைத் துதித்தார். அவ்வளவுதான். எழும்பி, என்னைப் பார்க்காமல் தன் கடைக்குப் போனார்.

பரிசோதகர் தன் கடமைப்படி ஒரு மாதிரி எடுத்தார். ஆனால் விற்பனையை நிறுத்தச் சொன்னதை விட்டுவிட்டார். கம்பியைத் துடைத்து, கருவாட்டுக்கு வலைக்கூடு அடிக்கச் சொன்னார். பின்பக்கம் போய்ப் பார்த்தபோது ஈ பெருகுகிற இடத்தையும் கண்டார். எங்கள் கடைக்குப் பின்னாலுள்ள கழிவுநீர்க் கானில் பழைய சோற்றுப் பார்சல்களும் அட்டைப் பெட்டிகளும் அடைத்து, தண்ணீர் நின்று புழுத்துக் கிடந்தது. அது எங்கள் பக்கத்துக் கான். முதலாளி இரண்டு பேரைப் பிடித்து அடுத்த நாளே துப்புரவாக்கினார். எனக்கு வேலை போகவில்லை. ஆனால் ஒரு கிழமை அவர் என்னோடு தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை.

நானாவும் பேசவில்லை. நான்தான் ஒரு நாள் போய்க் கடை வாசலில் நின்றேன். புதிதாக அடித்த வலைக்கூட்டுக்குள் கருவாட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நானா, நான் செய்தது பிழை."

அவர் கையை நிறுத்தவில்லை. "ஈ இருக்கிற கடையில ஈ இருக்கெண்டு எழுதினது பொய்யில்லையே தங்கச்சி. அதுக்கு எனக்குக் கோவமில்ல. அண்டைக்கு நீங்க வந்து இதில நிண்டு எவ்வளவு கதைச்சீங்க. அப்ப சொல்லிரிக்கலாம்."

"ஓம். சொல்லியிருக்க வேணும்."

"ம்," என்றார். அடுத்த கருவாட்டையும் அடுக்கிவிட்டு, "அந்த மெசினுக்குள்ள உசிரோட ஒரு ஈய வெச்சுப் பாக்க ஏலுமா?" என்று கேட்டார்.

பிடித்து வைக்க முடியாமல் அதை நாங்கள் செய்யவில்லை. ஆனால் வேறு ஒன்று நடந்தது. தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை, நான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரத்தோடு கடைக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. பின்னறையில் வெளிச்சம். முதலாளி கருவிக்கு முன்னால் குனிந்திருந்தார். நாடித் தாங்கிக்கு மேலே, கோணலாக ஒட்டிய டேப்பில், ஓர் ஈ. என் காலடி கேட்டும் அவர் நிமிரவில்லை.

"பிள்ளை," என்றார், "இந்த வெள்ளைக்குள்ள ஏதோ அசையுது. எனக்குத்தான் கண் பிழையோ?"

கிட்டப் போய், அவர் விலகித் தந்த இடத்தில் பார்த்தேன். அவர் கண் பிழை இல்லை. ஒரு பொட்டு போயிற்று. பின்னால் இன்னொன்று. "வித்தி தெறிக்குது ஐயா," என்றேன். அவர் "ஓமோ," என்று சொல்லிவிட்டு மறுபடி இருந்தார். அன்றைக்குக் கண்ணாடி துடைக்கப் பிந்தியதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

தை நடுவில் மழை விட்டது. வெயில் ஏறியதும் கண்ணாடியில் ஏறுகிற ஈக்கள் குறைந்தன. ஒரு நாள் ஒன்றும் இல்லை. உயிருள்ள ஈக்கள் வழக்கம்போல் வந்தன, பறந்தன. அடுத்த மாரி பொய்த்துப் போனது. பெய்ததாகப் பேர் பண்ணிவிட்டுப் போன மழை. ஒவ்வொரு காலையும் நான் கதவின் மேல்பக்கத்தை முதலில் பார்த்தேன். உப்பு மட்டும்தான் இருந்தது.

"ஈ ஒண்டுமே சாகாட்டி, அந்தப் பங்கசு இவ்வளவு நாளும் எங்க இருக்கும் டொக்டர்?" என்று ஒரு சனிக்கிழமை கேட்டேன்.

அவர் கைபேசியில் தேடினார். ஓரிடத்தில் மண்ணில் இருக்கலாம் என்றிருந்தது. இன்னோரிடத்தில், எங்காவது ஈரமான மூலையில் ஒன்றிரண்டு ஈக்களில் தொடர்ந்து இருந்துகொண்டே வரலாம் என்றிருந்தது. கடைசியில் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, "சரியாத் தெரியாதாம்," என்றார். இருவரும் யன்னல் வழியாக வெளியே பார்த்தோம். வெயில். ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று தெருவில் நின்று, யாரோ போட்ட கீரைக்கட்டைத் தின்றுகொண்டிருந்தது. அதன் முதுகில் ஈக்கள் இருந்து எழும்பின.